மண்டபம் ரயிலடி: பாலம் படுக்கும்போதெல்லாம் கடைசி நிலையமாகும் ஊர்

ராமநாதபுரத்தில் ராமேஸ்வரம் ரயில் ஏறியவர்கள் வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் கேம்ப் வரை தூங்கிக்கொண்டோ கைப்பேசியை நோண்டிக்கொண்டோ வருவார்கள். மண்டபம் வந்ததும் பெட்டிக்குள் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். அடுத்தது பாலம். பிள்ளைகளை எழுப்பி ஜன்னலோரம் நகர்த்துவார்கள், கதவுப் பக்கம் கூட்டம் சேரும். அந்த நேரத்தில் மண்டபம் நிலையத்தை ஏறிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது. பாலத்துக்கு முன்னால் வரும் நிலையம், அவ்வளவுதான் அதற்கு அடையாளம்.

பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். இங்கே நான் எடுத்துக்கொள்வது பாலம் வேலை செய்யாத காலங்களை. பாலம் படுத்துக்கொண்டால் பாதையின் கடைசி நிலையமாக மண்டபம்தான் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குள் இது பலமுறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ரயில்வே இதை எதிர்பாராத விபத்தாகவே பார்க்கிறது. அந்தப் பார்வைதான் தவறு என்பது என் எண்ணம்.

நிலம் முடிந்த இடம்

1897 ஜனவரியில் விவேகானந்தர் கொழும்பிலிருந்து வந்து பாம்பனில் இறங்கியபோது இந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது. மதுரையிலிருந்து மண்டபம் வரை மீட்டர்கேஜ் பாதை 1902-இல் வந்தது. அதற்கு மேல் போக நிலமில்லை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிக்கொண்டே போகும் மணல் நாக்கு. அதன் நுனியில் ரயிலை நிறுத்தினார்கள். அதாவது இந்த நிலையம் பிறந்ததே கடைசி நிலையமாகத்தான்.

அடுத்து நடந்தது வேடிக்கையான ஏற்பாடு. 1906-இல் கடலுக்கு அந்தப் பக்கம், தீவுக்குள்ளேயே பாம்பனிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரு பாதை போட்டார்கள். மண்டபம் வரை ஒரு ரயில், பாம்பனிலிருந்து இன்னொரு ரயில், இடையில் கடல். எஞ்சினும் பெட்டியும் தண்டவாளமும் கடல் வழியாகத்தான் தீவுக்குப் போயிருக்க வேண்டும். காசியிலிருந்து வந்த யாத்திரிகர் மண்டபத்தில் மூட்டையோடு இறங்கி, தோணி பிடித்து, பாம்பனில் மறுபடி ரயிலேறினார். எட்டு வருடம் இப்படியே ஓடியது. ரயிலடியிலிருந்து தோணித்துறைக்கு மூட்டை சுமந்தவர்கள், தோணி விட்டவர்கள், சோறாக்கிப் போட்டவர்கள் எல்லோருக்கும் அந்த இடைவெளிதான் பிழைப்பு.

1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாலம் திறந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்து எழும் ஷெர்சர் தூக்குப்பாலம். சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி கொழும்பு வரை ரயில். ஒரே டிக்கெட்டில் இந்தோ–சிலோன் போட் மெயில். அதுவரை தூத்துக்குடி வழியாகப் போய்க்கொண்டிருந்த கொழும்புப் பயணம் இந்தப் பக்கம் திரும்பியது. தனுஷ்கோடி துறைமுகம் ஆனது, பாம்பன் ஜங்ஷன் ஆனது. மண்டபம் வழியில் வரும் நிலையமாகச் சுருங்கியது.

கேம்ப்

மண்டபத்துக்கு மூன்று கிலோமீட்டர் மேற்கே இன்னொரு சிறிய நிலையம், மண்டபம் கேம்ப். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் இலங்கை அகதிகள் நினைவுக்கு வருவார்கள். அந்த கேம்பின் வயது அதைவிட அதிகம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து கங்காணிகள் திரட்டிய கூட்டம் ரயிலில் வந்து இங்கேதான் இறங்கியது. ஆள் சேர்க்கும் வேலையை ஒழுங்குபடுத்தத் தோட்ட முதலாளிகள் வைத்திருந்த தொழிலாளர் கமிஷனின் தலைமையிடம் திருச்சியில் இருந்தது. இந்திய மண்ணில் இருந்தாலும் மண்டபம் முகாமை நடத்தியது இலங்கை அரசு. வைசூரி, காலரா, பிளேக் மூன்றும் தோட்டத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று சில நாட்கள் அடைத்துவைத்து, குளிப்பாட்டி, துணிகளை அவித்து, அம்மை குத்தி, உடம்பு சரியாக இருந்தால்தான் தனுஷ்கோடி ரயிலில் ஏற்றுவார்கள். கங்காணிக்குக் கொடுத்த கடன் கணக்கு ‘துண்டு’ச் சீட்டில் இருக்கும். ஆள் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவன் என்பதற்கு எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் கட்டி அனுப்பிய காலமும் இருந்தது. ரயிலில் போன சரக்கு மூட்டைக்கும் ஒட்டுச்சீட்டு உண்டு, ஆளுக்கும் உண்டு.

1939 ஆகஸ்டு 1-ஆம் தேதியிலிருந்து, உடலுழைப்புக்காக இலங்கை போவதை இந்திய அரசு தடை செய்தது. கேம்பின் முதல் வேலை அதோடு முடிந்தது. காலியாகக் கிடந்த பகுதிக்கு 1949-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1971-இல் கொச்சிக்கு இடம் மாறும் வரை அதன் தலைமையிடம் இந்த மணல்வெளியில்தான் இருந்தது.

கேம்ப் மறுபடி நிரம்பியது எதிர்த் திசையிலிருந்து. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியுரிமை இல்லாமல் நின்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரின் கதையைப் பிறகு பார்ப்பது என்று பங்கு பிரித்தார்கள். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டினார்கள். வந்தவர்களைக் கப்பலிலிருந்து இறக்கி, மண்டபம் கேம்பில் வைத்து, குடும்ப அட்டை எழுதி, எந்த ஊருக்கு என்று முடிவு செய்து, ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு பகுதியினர் நீலகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அங்கே அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. பின்னாளில் டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், ஆனது அதுதான். தாத்தா இதே பாதையில் தேயிலை பறிக்கக் கிளம்பினார். பேரனும் இதே பாதையில் வந்து, மறுபடி தேயிலை பறிக்கவே மலையேறினான். 1983-க்குப் பிறகு வந்த அகதிகளும், 2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது படகேறி வந்தவர்களும் இதே கேம்புக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். இவ்வளவு பேருடைய வாழ்க்கை திரும்பிய இடத்தில் அதைச் சொல்ல ஒரு பெயர்ப்பலகை வைக்க எந்தத் துறைக்கும் தோன்றவில்லை. பாலத்தைப் படம் பிடிக்க மட்டும் ஆள் வந்துகொண்டே இருக்கிறது.

46 நாள்

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த மக்கள் வந்து சேர வேண்டிய வழியே இல்லாமல் போனது. 1964 டிசம்பர் 22 இரவு புயல் கரையைக் கடந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் தனுஷ்கோடி பாசஞ்சர், ஊரை நெருங்கும் நேரத்தில் அலைக்குள் போனது. அதிலிருந்து ஒருவரும் பிழைக்கவில்லை. துறைமுகம், நிலையம், சுங்கச்சாவடி, தபாலாபீஸ், கோயில், சர்ச் எல்லாம் ஒரே இரவில் முடிந்தன. அந்தக் கதை தமிழ்நாடு அறிந்தது, நீட்டத் தேவையில்லை.

மண்டபத்துக்கு அது வேறு மாதிரி வந்தது. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான பாலத்தின் கர்டர்களில் நூற்றிருபதுக்கும் மேல் கடலுக்குள் விழுந்துவிட்டன. தூக்குப்பாலப் பகுதி மட்டும் நின்றது. ஐம்பது ஆண்டு வழியில் வந்த நிலையமாக இருந்த மண்டபம், விடிந்தபோது கடைசி நிலையம். அப்போது சாலைப் பாலமும் கிடையாது. தீவுக்குள் ஒரு மருந்து மூட்டை போக வேண்டுமென்றாலும் மண்டபத்தில் இறக்கிப் படகில்தான் கொண்டுபோக வேண்டும்.

பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் என்று கணக்குப் போட்டார்கள். அதை மூன்றாகக் குறைத்தார்கள். பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் காட்டினார். விழுந்த கர்டர்கள் கடலுக்கடியில் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்கள் காட்டிக்கொடுக்க, அவற்றைத் தூக்கி எடுத்துத் திரும்பவும் பொருத்தினார்கள். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேக்கும் டெல்லி மெட்ரோவுக்கும் போன மனிதரின் பெயர் முதலில் எழுந்தது இந்தக் கரையில்தான். அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தீவுக்குப் போக வேறு தரைவழியே இல்லை. இதைப் பின்னால் சொல்லப்போகும் 2022-உடன் வைத்துப் பார்க்க வேண்டும்.

தனுஷ்கோடிப் பாதையை மறுபடி போடவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் போனது, உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகு அதுவும் நின்றது. பாம்பனை ஜங்ஷன் ஆக்கிய கிளைப்பாதை மணலுக்குள் போய்விட்டது.

உப்பும் காற்றும்

பாலம் ஏன் அடிக்கடி படுக்கிறது? இரண்டே காரணம், இரண்டும் மண்டபத்துக்காரர்களுக்கு வீட்டு விஷயம்.

ஒன்று உப்பு. இங்கே ஜன்னல் கம்பிக்கு வருடத்துக்கு ஒரு தடவை வண்ணம் அடிக்காவிட்டால் செதில் செதிலாக உதிரும். சைக்கிள் செயின், மோட்டார் சைக்கிளின் சைலன்சர், வீட்டுக் கேட்டின் கீல் எதுவும் தப்பாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்கத் தன் கள நிலையத்தை மண்டபம் கேம்பில் வைத்தது சும்மா இல்லை. எதுவும் சீக்கிரம் துருப்பிடிக்கிற இடம் வேண்டும் அவர்களுக்கு, அப்படிப்பட்ட இடம் இது. அதே காற்றில்தான் நூறு வருடத்துக்கு மேலாக எஃகுப் பாலம் நின்றது. ரிவெட் ரிவெட்டாகச் சுரண்டி, வண்ணம் அடித்து, தகடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

மற்றது காற்று. வாடையானாலும் கச்சானானாலும் தடுக்க நடுவில் ஒரு மரம்கூட இல்லாத கடல்வெளி. பழைய பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். அப்போது ரயில் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மண்டபத்தில் வண்டி போட்டுவிட்டால் ‘காத்து கூடிப்போச்சு’ என்று பெட்டிக்குள் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொள்வதைக் கேட்கலாம். யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தேநீர் வாங்க இறங்கிவிடுவார்கள்.

இவை போக மோதலும் உண்டு. 2013 ஜனவரியில் கடற்படைக் கப்பல் ஒன்று காற்றில் இழுபட்டு வந்து பாலத்தில் இடித்தது. ரயில்கள் நின்றன. 2018 டிசம்பரில் தூக்குப்பாலப் பகுதியில் விரிசல் தெரிந்து, அடுத்த ஆண்டு தொடக்கம் வரை பயணிகள் ரயில் தீவுக்குப் போகவில்லை. இடையில் 2007-இல் மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்திருந்தது. பாதை புதிது, பாலத்தின் எலும்பு அதே பழையது.

2022 டிசம்பர் 23 முதல் 2025 ஏப்ரல் 6 வரை

பக்கத்திலேயே புதிய பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2022 டிசம்பர் 23-ஆம் தேதி, பாதுகாப்பு கருதிப் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். தற்காலிகம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு வண்டியும் கடலைத் தாண்டாமல் இரண்டேகால் வருடம் போய்விட்டது. ராமேஸ்வரம் என்று பலகை மாட்டிய வண்டிகள் சில ராமநாதபுரத்தோடு நின்றன, சில மண்டபத்தோடு நின்றன.

விடியற்காலை வண்டி வந்து நிற்கும்போது நிலையம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம், பத்துப் பன்னிரண்டு பேர். வயதான அம்மா ஒருவர் மடியில் செம்பு ஒன்றை வைத்திருந்தார். வாயை ஈயத்தால் அடைத்து, மேலே சிவப்புத் துணி சுற்றிய கங்கைநீர்ச் செம்பு. கீழே வைக்க மாட்டேன் என்று பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே இருந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடி விசாரித்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் கையைக் காட்டி, “அம்மா, டிரெயின் இதோட சரிம்மா. ராமேஸ்வரத்துக்கு பஸ்ல போங்க, இல்ல நம்ம வண்டில ஏறுங்க” என்றார். பாஷை புரியவில்லை, கை புரிந்தது. எல்லோருமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார்கள்.

கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், பாலம் மூடியதில் ஊருக்குக் கஷ்டமா என்று கேட்டேன்.

“யாருக்குண்ணே கஷ்டம்? ராமேஸ்வரத்துல லாட்ஜ் வச்சிருக்கவுகளுக்குக் கஷ்டம். வண்டி அங்க போனா நமக்கு ரெண்டு நிமிச யாவாரம். இங்கயே நின்னா விடிய விடிய யாவாரம்.”

1906-இல் தோணிக்காரர் ஒருவரைக் கேட்டிருந்தாலும் ஏறக்குறைய இதையே சொல்லியிருப்பார்.

அந்த நாட்களில் என் கண்ணில் பட்டவை சில. கடைசி நிலையம் என்றால் அதற்கென்று சில தேவைகள் உண்டு. எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுவர லூப் லைன், பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்பக் குழாய்வரிசை, கீழே இறங்கிச் சக்கரம் பார்க்க பிட் லைன், கழிப்பறைகளைக் கழுவ ஆட்கள். இவற்றையெல்லாம் வைத்து வளர்த்த நிலையம் ராமேஸ்வரம். மண்டபம் வண்டி நின்று போவதற்கான இடம். நீண்ட தூர வண்டியில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் இறக்கிவிட்டால் கழிப்பறைக்கும் குடிநீருக்கும் பஸ்ஸுக்கும் அங்கே என்ன நடக்கும் என்பதற்குத் திட்டம் எதுவும் தேவையில்லை, போய் நின்று பார்த்தாலே போதும். நான் கேட்டவரை எல்லோரும் சொன்ன பதில் ஒன்று: ‘பாலம் திறந்துட்டா சரியாயிடும்.’

சாலைப் பாலம் இங்கேதான் வருகிறது. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி திறந்துவைத்த இந்திரா காந்தி பாலம், ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மண்டபத்தில் இறங்கியவர் பஸ் ஏறினால் அரைமணி, முக்கால் மணியில் ராமேஸ்வரம். அதனால்தான் இத்தனை மாதம் ரயில் இல்லாமலும் தீவு நின்றுபோகவில்லை. ரயில்வேயின் மேல் பெரிய நெருக்கடியும் விழவில்லை. 1964-இல் விழுந்ததைத் தூக்கி நிறுத்துவது வேலை, 2022-இல் புதிதாகக் கட்டி முடிப்பது வேலை. இரண்டும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலைப் பாலம் இல்லாதிருந்தால், பழைய பாலத்தை ஒட்டுப்போட்டாவது ஓட்டியிருப்பார்கள், அல்லது மண்டபத்தை ஒழுங்கான கடைசி நிலையமாக ஆறே மாதத்தில் மாற்றியிருப்பார்கள். சிரமம் மொத்தத்தையும் பயணி தன் தலையில் தூக்கிக்கொண்டதால், அது யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

புதுப் பாலம் வந்த பிறகு

2025 ஏப்ரல் 6, ராமநவமி. பிரதமர் புதிய பாலத்தைத் திறந்துவைத்தார். நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்கு, பழையதுபோல இரண்டாகப் பிளக்காமல் லிஃப்டைப்போல 17 மீட்டர் நேராக மேலே எழுகிறது. முன்பு ஆட்கள் நின்று நெம்புகோலைத் தள்ளித் திறந்த இடத்தில் இப்போது மோட்டார். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு, ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங். ஆமை வேகத்தில் ஊர்ந்த வண்டிகள் இப்போது வேகமாகவே கடக்கின்றன. மண்டபம் வழியில் வரும் நிலையமாக மறுபடி சுருங்கிவிட்டது. தேநீர்க் கடைக்காரருக்கு ரெண்டு நிமிச யாவாரம்.

புதுப் பாலம் உறுதியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உப்பும் காற்றும் அதே. நடுவில் அசையும் உறுப்பு ஒன்று இருக்கும்வரை அது மேலே போய் மாட்டிக்கொள்ளலாம், கீழே வந்து சரியாக உட்காராமல் போகலாம். கப்பல் மோதலாம், புயல் வரலாம், அல்லது சும்மா பராமரிப்புக்கு என்று பத்து நாள் மூடலாம். இதில் எது நடந்தாலும் வண்டி வந்து நிற்கப்போவது மண்டபத்தில்.

இதற்குக் கோடிக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. முழு நீள வண்டி நின்று எஞ்சின் திரும்பும் அளவுக்கு ஒரு லூப் லைனைத் தயாராக வைக்கலாம். தண்ணீர் நிரப்பும் குழாய்களைப் போட்டு, வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்கலாம், இந்த ஊரில் திறக்காத வால்வு துருவேறி இறுகிவிடும். பாலம் மூடும் நாளில் எத்தனை பஸ், யார் விடுவது, ரயில் டிக்கெட்டே பஸ்ஸிலும் செல்லுமா என்பதை மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் ரயில்வேயும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். மூட்டை முடிச்சோடு மெயின் ரோடு வரை நடக்க வைக்காமல், பஸ் ரயிலடி வாசல் வரை வந்து திரும்ப ஒரு இடம் ஒதுக்குவதிலிருந்து தொடங்கலாம்.